பத்து ரூபாய் மனுவும் இடிந்துபோன வளவு வீடும்: தகவல் அறியும் உரிமைச் சேவை, ஒரு மதிப்புரை

பங்குனி மாதத்தின் கடைசி வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு வளவு வீட்டை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வீட்டை, இடிக்கத் தொடங்கினார்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக, செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய நீளத்தில் கிடந்த வீடு அது. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ‘பழைய வீடு’ என்றால் என்னவென்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். முகப்பு நிலையைப் பெயர்த்துச் சாக்கு சுற்றி லாரியில் படுக்கவைத்தபோது, பொங்கலுக்குப் பொங்கல் வைத்த சந்தனப் பொட்டுகளின் தடம் மரத்தில் வரிசையாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சென்னையிலும் மலேசியாவிலுமாகப் பிரிந்து வாழும் பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு; நாலு ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாருடைய சம்மதமும் பணமும் ஒன்றுசேர வேண்டும். ஊரில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. அவரவர் சொத்து அவரவர் உரிமை என்றார்கள் சிலர். தெருவின் முகமே போகிறதே என்றார்கள் சிலர். ஆனால் இரு தரப்பும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நகராட்சி இதற்கு அனுமதி கொடுத்ததா, கொடுத்தது என்றால் எதைப் பார்த்துக் கொடுத்தது? அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டபோது, அந்தப் பிரிவில் இருந்தவர் கோப்பைத் திறக்காமலேயே மனு போடச் சொல்லிவிட்டார். அப்படித்தான் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முதன்முறையாகப் பயன்படுத்த நேர்ந்தது. அது மக்களுக்கான ஒரு சேவையாக எப்படி நடக்கிறது என்பதை, இதே நிலையில் நிற்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தொடங்குவது எளிது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இணையவழியிலும் அனுப்பலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நான் செய்த தவறு, முதல் கேள்வியை ‘ஏன் அனுமதித்தீர்கள்?’ என்று எழுதியது. இந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தரும். விளக்கம் எழுதித் தர அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். எனவே இடிப்பு அனுமதி கோரிய விண்ணப்பம், கள ஆய்வறிக்கை, குறிப்புத் தாள்கள், அனுமதி ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்பதே பயன் தரும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தான்.

முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. இருபத்தெட்டாம் நாள் ஒரு வரிப் பதில் வந்தது: கேட்டவை மூன்றாம் நபர் குறித்த தகவல்கள், வழங்க இயலாது. சட்டம் இதை இவ்வளவு சுருக்கமாக முடிக்கவில்லை என்பது படித்துப் பார்த்த பிறகே புரிந்தது. பிரிவு 11-இன்படி, தகவலைத் தரக் கருதும் அலுவலர் ஐந்து நாளுக்குள் அந்த மூன்றாம் நபருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் கருத்தைப் பெற்று, பொதுநலனையும் எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். தனிநபர் தகவலுக்கு விலக்களிக்கும் பிரிவு 8(1)(ஜே)-யை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, மறுப்பதை முன்பைவிட எளிதாக்கியிருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே கவலையளிக்கிறது. ஆயினும் பொதுநலன் மிகுதியாக இருந்தால் தகவலைத் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையோ ஆதார் எண்ணையோ நான் கேட்கவில்லை. ஓர் அரசு அலுவலகம் எடுத்த முடிவைக் கேட்டேன். இதையே எழுதி முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணமில்லை.

மேல்முறையீட்டு அலுவலர் இரு தரப்பையும் அழைத்துக் கேட்டு, கோப்பை நேரில் பார்வையிட எனக்கு அனுமதி தந்தார். இந்தச் சேவையில் எல்லாவற்றிலும் மேலானது இந்தப் பார்வையிடும் உரிமைதான். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. நகல் கேட்டால் அவர்கள் எடுத்துத் தரும் தாள்தான் கைக்கு வரும். கோப்பையே புரட்டினால் எந்தத் தாள் இல்லை என்பதும் தெரியும். ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சிவப்பு நாடா கட்டிய அந்தக் கோப்பைப் பிரித்தேன். கள ஆய்வறிக்கை ஒரே பக்கம். கட்டடத்தின் தன்மை என்ற இடத்தில் ‘பழுதடைந்த ஓட்டுக் கட்டடம்’ என்று இருந்தது. கட்டடத்தின் வயது என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. இணைத்திருந்த புகைப்படங்கள் மூன்றும் பின்கட்டின் சரிந்த சுவரைக் காட்டின. முகப்பும் வளவும் ஒன்றில்கூட இல்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பதைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை. விண்ணப்பம் பதிவான நாளுக்கும் ஆணை கையெழுத்தான நாளுக்கும் இடையில் ஒன்பது நாள் சென்றிருந்தது. கோப்பைத் தேடி எடுத்துக் கொடுத்த இளநிலை உதவியாளர் நல்லவர். மங்கலாக இருந்த தேதியைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் படித்துச் சொன்னார்.

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த நாளில் வீட்டு மனை வெறும் செம்மண் தரையாகக் கிடந்தது. இந்தச் சேவையின் பெருங்குறை இதுவே. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ தொடர்புடைய தகவலுக்கு 48 மணி நேரம் என்ற விதி இருக்கிறது. கட்டடத்துக்கு அப்படி எதுவும் இல்லை. இடிப்பை நிறுத்த நீதிமன்றத் தடைதான் வேண்டும். சென்னை அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியதால்தான் மிச்சம் தப்பியது. 2010-இல் வந்த தீர்ப்பு அதைக் காக்கச் சொன்னதோடு, பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. அது பெருநகரின் பெரிய சாலையில் எல்லாரும் பார்த்துப் பழகிய கட்டடம். எங்கள் ஊர் வீடு போன்றவற்றுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு விரிவாகச் சொல்கிறது. இடிப்பு விண்ணப்பம் வந்தவுடன் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இருந்திருந்தால் பங்காளிகளோடு பேசவும், முகப்பை மட்டுமாவது விட்டுவைக்கும்படி கேட்டுப்பார்க்கவும் ஊருக்கு ஒன்பது நாளாவது கிடைத்திருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். செலவு, எளிமை, கோப்பைக் கண்ணால் பார்க்கும் உரிமை ஆகியவற்றுக்காக அந்த மதிப்பெண். முதல் பதிலில் மறுத்துவிட்டால் மனுதாரர் ஓய்ந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு அலுவலகங்களில் பழகிப்போயிருப்பதற்காகவே ஒன்றரை குறைத்தேன். பயன்படுத்த நினைப்பவர்கள் முதல் மனுவிலேயே பார்வையிடும் உரிமையையும் சேர்த்துக் கேளுங்கள்; ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்; மறுப்பு வந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டை அனுப்பிவிடுங்கள்.

இடிந்த வீட்டைப் பற்றி இனிக் கேட்க ஒன்றுமில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிலுவையிலுள்ள இடிப்பு விண்ணப்பங்களின் பட்டியலைக் கேட்டு மனு அனுப்புகிறேன். சென்ற வாரம் வந்த பதிலில் நான்கு கதவு எண்கள் இருந்தன. இரண்டு எங்கள் பகுதியில் உள்ளவை. அவற்றுள் ஒரு வீட்டு ஆச்சி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வளவையும் இரண்டாங்கட்டையும் படமெடுத்துக்கொள்ளலாம் என்றும், மகனிடம் பேசிப்பார்க்கலாம் என்றும் சொன்னார்.