மவுண்ட் ட்ரைவர் ‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்று சொன்னால், லாக் கோப்பை முழுசாகக் கேளுங்கள்

மோட்டார் வைத்த தொலைநோக்கி மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தில் திருப்பும் நிலைப்பாடு) வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டு, “புது ட்ரைவர் அனுப்புறோம், போட்டுப் பாருங்க சார்” என்ற பதிலை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும்தான். விற்றவரின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட, என்ன நடந்தது, எதை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் வாங்கியது ஜெர்மன் ஈக்வடோரியல் வகை. ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் எதிர்எடை. கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலர் கிடையாது. மோட்டார் எத்தனை ஸ்டெப் சுற்ற வேண்டும் என்பதைக் கணினியில் இருக்கும் ட்ரைவரே, அதாவது மவுண்ட்டை இயக்கும் நிரலே, கணக்குப் போட்டு அனுப்பும். அதனால் வாங்கும் முன்பே கேட்டேன்: ஆஸ்காம் முறைக்கு ஒத்துப்போகுமா? ஆஸ்காம் என்பது 1990-களின் பிற்பகுதியில் பாப் டென்னி தொடங்கி வைத்த பொது ஏற்பாடு. மவுண்ட் யாருடையதாக இருந்தாலும், ட்ரைவர் அந்த இலக்கணத்தில் பேசினால் போதும், எந்த வானியல் மென்பொருளும் அதை இயக்கும். அந்த இலக்கணத்தைச் சரிபார்க்க கன்ஃபார்ம் என்று ஒரு இலவசக் கருவியும் இருக்கிறது. “அதெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு சார்” என்று சொல்லி, பிழை ஏதுமில்லை என்று காட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பினார்கள். படத்தில் தெரிந்தது கடைசி நாலைந்து வரிதான். நான் மேலே கேட்கவில்லை.

முதல் வாரத்திலேயே அறிகுறிகள் தெரிந்தன. எந்த நட்சத்திரத்துக்குத் திருப்பினாலும் இலக்கு சற்றுத் தள்ளியே விழுந்தது. ஓரிடத்தில் சிங்க் செய்தால் (இப்போது காட்டும் நட்சத்திரம் இதுதான் என்று மவுண்ட்டுக்குச் சொன்னால்) அங்கே சரியாகும், வானத்தின் இன்னொரு பக்கம் போனால் வேறு திசையில் தள்ளும். கேட்டதற்கு, “போலார் அலைன்மென்ட் சரியா பண்ணுங்க சார்” என்றார்கள். மவுண்ட்டின் அச்சை வடதுருவ நட்சத்திரத்தை வைத்து வானத்தின் துருவத்துக்கு நேராக்குவதுதான் அது. மூன்று இரவு அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகுதான் தள்ளும் அளவை எழுதி வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 20 ஆர்க்மினிட், முழு நிலவின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு. (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க்மினிட், அதில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க்செகண்ட்.) பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரங்களின் ஆயத்தொலைவுகள் வருடத்துக்கு 50 ஆர்க்செகண்ட் போல நகர்கின்றன. 2000-ஆம் ஆண்டுக் கணக்குக்கும் இன்றைய கணக்குக்கும் இப்போது உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அதே 20 ஆர்க்மினிட்தான். ட்ரைவர் ‘நான் இன்றைய ஆயத்தொலைவில் பேசுகிறேன்’ என்று மென்பொருளிடம் அறிவித்துவிட்டு, உள்ளே வாங்கும் எண்ணை 2000-ஆம் ஆண்டுக் கணக்காக எடுத்துக்கொண்டிருந்தது. வடதுருவ நட்சத்திரத்தோடு மூன்று இரவு நான் போராடியது வீண்.

இதை எழுதி அனுப்பினேன். “அடுத்த வெர்ஷன்ல வரும்” என்றார்கள். சரி, அளவு தெரிந்த பிழைதானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்தேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு இரவு இலக்கு கிழக்கிலிருந்து ஏறி உச்சிக்கோட்டை, அதாவது தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் கற்பனைக் கோட்டை, தாண்டியது. இந்த வகை மவுண்ட்டில் அப்படித் தாண்டும்போது குழாயைத் தூக்கி மறுபக்கம் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் குழாயின் பின்பக்கம் இறங்கி இறங்கி முக்காலியில் இடிக்கும். இந்த ஃபிளிப்பைப் படம் எடுக்கும் மென்பொருள் தானாகவே செய்யும். அதற்கு முன்னால் ட்ரைவரிடம் ஒரு கேள்வி கேட்கும்: குழாய் இப்போது தூணுக்கு எந்தப் பக்கம்? அதற்கு ட்ரைவர், அச்சு உண்மையில் நிற்கும் நிலையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த ட்ரைவர் அப்படிப் பார்ப்பதில்லை. நட்சத்திரம் உச்சிக்கோட்டைத் தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்த்து, தாண்டியிருந்தால் ‘ஃபிளிப் ஆகிவிட்டது’ என்று சொல்லிவிடும். குழாய் பழைய பக்கத்திலேயே இருந்தது. மென்பொருள் அந்தப் பதிலை நம்பிப் படம் எடுத்துக்கொண்டே போனது.

பக்கத்தில் நின்ற என் மகள்தான் கவனித்தாள். “அப்பா, கேமரா ஸ்டாண்ட் கால்கிட்ட வந்துடுச்சு.” டார்ச் அடித்துப் பார்த்தேன், நாலு விரல்கடை இடைவெளி இருந்தது. பதறிப்போய், கிழக்கே இருக்கும் ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்பச் சொன்னேன், விலகிவிடும் என்ற எண்ணத்தில். ட்ரைவரோ குழாய் மறுபக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு வழியைக் கணக்குப் போட்டது. விலக வேண்டிய குழாய் காலை நோக்கியே சுழன்றது. நிறுத்து பொத்தானை அழுத்தினேன். திரை உறைந்தது. மறுபடி மறுபடி அழுத்தினேன். மோட்டாரின் ஒலி மெல்லிய ரீங்காரத்திலிருந்து கரகரப்பாக மாறியது. உலோகத்தை உலோகம் அரைக்கும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 12 வோல்ட் கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது.

கேமராவின் ஓரம் நசுங்கியது. நட்சத்திரங்களின் ஓட்டத்தோடு மவுண்ட்டைச் சுழற்றும் ஆர்.ஏ. அச்சின் வார்ம் கியரில் (திருகுப் பல்சக்கரம்) ஒரு இடம் அடிபட்டிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது நட்சத்திரம் துள்ளுகிறது.

மறுநாள், எந்தக் கட்டளை எப்போது வந்தது என்று நேரத்தோடு பதிவாகும் லாக் கோப்புகளை எடுத்தேன். ட்ரைவர் அமைப்பில் ட்ரேஸ் என்ற குறியை இட்டிருந்தால், ஆவணங்கள் கோப்புறைக்குள் ஆஸ்காம், அதற்குள் லாக்ஸ் என்ற இடத்தில் நாள்வாரியாக எல்லாம் பதிவாகியிருக்கும். படம் எடுக்கும் மென்பொருளுக்கும் தனியாக ஒரு லாக் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நான் நிறுத்து அழுத்திய நேரம் மென்பொருளின் லாக்கில் இருக்கிறது. ட்ரைவரின் லாக்கில் அந்தக் கட்டளை, கேபிளைப் பிடுங்கி சீரியல் இணைப்பு அறுந்த வரிக்குப் பிறகுதான் வருகிறது. திருப்பும் கட்டளையை வாங்கியதும் ‘சரி, ஆரம்பித்துவிட்டேன்’ என்று ட்ரைவர் உடனே திரும்பிவிட வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்பதை மென்பொருள் தனியாகக் கேட்டுக்கொள்ளும். இந்த ட்ரைவரோ நகர்வு முடியும்வரை கதவைச் சாத்திக்கொள்கிறது. நிறுத்து என்ற சொல் வெளியே வரிசையில் நிற்கிறது.

குழாய், எதிர்எடை இரண்டையும் கழற்றிவிட்டு, வெறும் மவுண்ட்டை மேசைமேல் வைத்து மறுபடி சோதித்தேன். விநாடிக்கு 3 டிகிரி வேகம், 33 டிகிரி தூரம், 11 விநாடி ஓட்டம். இரண்டாவது விநாடியில் நிறுத்து கொடுத்தேன். 11 விநாடி முடிந்து, இலக்கைத் தொட்ட பிறகுதான் அந்தக் கட்டளை மோட்டாருக்குப் போனது. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் அப்படியே. கன்ஃபார்மை ஓட்டினேன், பிழை வரிகள் வரிசையாக வந்தன.

பிழையில்லை என்று அவர்கள் காட்டிய ஸ்கிரீன்ஷாட் எங்கிருந்து வந்தது? முழு அறிக்கையை அனுப்பச் சொன்னேன். நாலு முறை கேட்ட பிறகு, வேறொரு ஊழியர் கோப்பையே அனுப்பிவிட்டார். கன்ஃபார்ம் அறிக்கையின் தலைப்பகுதியில் எந்த ட்ரைவரைச் சோதித்தது என்று பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். அதில் இருந்த பெயர் ஆஸ்காமோடு சும்மா வரும் சிமுலேட்டர். மோட்டாரே இல்லாத, கணினிக்குள் மட்டும் ஓடும் பாவனைத் தொலைநோக்கி. அதைச் சோதித்துவிட்டு, தலைப்பகுதியை வெட்டி, வாங்குபவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தவறு செய்வது வேறு, இது வேறு. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது.

வாரன்ட்டி கேட்டதற்கு வந்த பதில்: “வெளி டெஸ்ட் சாஃப்ட்வேர் ஓட்டினதால மவுண்ட் டேமேஜ் ஆயிருக்கு, வாரன்ட்டி கிடையாது.” நான் கன்ஃபார்ம் ஓட்டியது இடித்ததற்கு மறுநாள். ஒவ்வொரு வரியிலும் நேரம் இருக்கிறது. அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை.

வாங்கும் முன் முழு அறிக்கைக் கோப்பைக் கேளுங்கள், படம் போதாது. தலைப்பகுதியில் உங்கள் மவுண்ட்டின் பெயர் இருக்கிறதா, பதிப்பு எண் உங்களுக்குத் தரப்போகும் ட்ரைவரின் எண்தானா என்று பாருங்கள். அப்படியே இருந்தாலும், கன்ஃபார்ம் இலக்கணத்தைத்தான் சரிபார்க்கும். குழாய் முக்காலியில் இடிக்குமா என்பது அதற்குத் தெரியாது. ஓட்டும்போது மவுண்ட் நிஜமாகவே சுழலும் என்பதால் குழாயைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள். புது ட்ரைவர் எதுவானாலும் முதலில் சோதிக்க வேண்டியது நிறுத்து கட்டளை. நீண்ட ஓட்டம் ஒன்றைக் கொடுத்து, நடுவில் நிறுத்தி, கடிகாரத்தைப் பாருங்கள். அப்புறம் உச்சிக்கோட்டைத் தாண்டும் இலக்கு ஒன்றைப் பின்தொடரவிட்டு, எந்தப் பக்கம் என்று ட்ரைவர் சொல்வதும் கண்ணால் காண்பதும் ஒன்றா என்று பாருங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், எனக்கு அன்று அது மேசைக்கு அடியில் இருந்தது.

யுஎஸ்பியை வேறு துளையில் செருகினால் காம் போர்ட் எண் மாறுவது, 64 பிட் மென்பொருளில் ட்ரைவர் ஏறவே மறுப்பது போன்ற தொல்லைகளும் இருந்தன. அவற்றால் யாருக்கும் சேதமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் பதிப்பு எண்ணை ஒரு படி ஏற்றி, “எல்லாம் சரி பண்ணியாச்சு சார்” என்று புது ட்ரைவர் வந்தது. வெறும் மவுண்ட்டை மேசையில் வைத்து, அதே 33 டிகிரி ஓட்டம் கொடுத்து, இரண்டாவது விநாடியில் நிறுத்து அழுத்தினேன். மோட்டாருக்குக் கட்டளை போனது 11 விநாடிக்குப் பிறகு. முழு லாக் கோப்பையும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். குழாயை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.