கிளிப் லென்ஸும் அசுவினிக் குளவியும்

போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸை வாங்கியது, மாடித்தோட்டத்து அவரைக்கொடியில் வரும் அசுவினியை (சாறு உறிஞ்சும் செடிப்பேன்) பார்க்க. வருஷக்கணக்கில் வைத்திருந்த பிறகு இப்போது அதன் முழுநேர வேலை, அந்த அசுவினியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை அடையாளம் பார்ப்பது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இலைக்கு ஓரிரு சென்டிமீட்டர் நெருங்கினால்தான் ஃபோகஸ் ஆகும். 2 மில்லிமீட்டர் குளவி அதுவரை உட்கார்ந்திருக்காது. காற்றடித்தால் படம் போச்சு. கிளிப்பின் ரப்பரும் தேய்ந்துபோய் லென்ஸ் நழுவுகிறது. உயிரோடு திரியும் குளவிக்கு 10 மடங்கு கைலென்ஸ்தான் தோது. அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையைக் கிட்டே கொண்டுவர வேண்டும்.

ஆனால் அசையாததற்கு கிளிப் லென்ஸ் அருமை. குளவிப் புழு உள்ளிருந்து தின்ற அசுவினி உப்பி, பழுப்பேறி, இலையிலேயே ஒட்டிக் கிடக்கும். இதை மம்மி என்பார்கள். கறுப்பு அசுவினிக் கூட்டத்தில் பளிச்சென்று தெரியும். ஓட்டை இல்லாத மம்மியை இலைத்துண்டோடு மாத்திரை டப்பாவில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தால் சில நாளில் குளவி வந்துவிடும். சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மந்தமாகிவிடும், நிதானமாகப் படம் எடுக்கலாம்.

இறக்கை நான்கா என்று பாருங்கள். இரண்டே என்றால் அது ஈ. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கி, முன்னிறக்கையில் நரம்பு ஏறக்குறைய ஒன்றே இருந்தால் சால்சிட் என்ற குளவி வகை. நூலாக நீண்ட கொம்பு, நரம்பும் கூடுதல் என்றால் பெரும்பாலும் பிராக்கோனிட் என்ற குளவிக் குடும்பம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: மம்மியிலிருந்து வருவது, முதல் குளவியைத் தின்று வளர்ந்த இரண்டாம் குளவியாகவும் இருக்கலாம். ஓட்டை வட்டமாக, விளிம்பு சீராக இருந்தால் நம்ம ஆள். பிய்த்தெடுத்த மாதிரி இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

உயிரினப் படங்களைப் போட்டு அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் போட்டால், பெரும்பாலும் எந்தக் குளவிக் குடும்பம் என்பதோடு நின்றுவிடுகிறது. எந்தச் செடி, எந்தப் பூச்சி என்று சேர்த்து எழுதினால் வட்டம் சுருங்கும். பப்பாளி மாவுப்பூச்சியிலிருந்து வந்த குளவி என்றால், 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட அசெரோஃபேகஸ் பப்பாயேவைத்தான் முதலில் நினைப்பார்கள். இனப்பெயர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மம்மி தெரிந்த கொடிக்கு நான் மருந்தடிப்பதில்லை, அதற்குக் குடும்பம் தெரிந்தாலே போதும்.

வாங்குவதானால் முதலில் கைலென்ஸ், அப்புறம் கிளிப் லென்ஸ். படம் பதிவிடும் எண்ணமே இல்லையென்றால் இரண்டாவது தேவையில்லை.