ராடு கெடவில்லை, வோல்டேஜ்தான் இல்லை: பெல்லட் அடுப்போடு பத்து மாதம்

பல்லடம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு விறகுப் புகை ஒத்துக்கொள்ளாமல் போனதால், போன தை மாதம் கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் செய்த பெல்லட் அடுப்பை 28,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெல்லட் என்றால் மரத்தூள், கடலைத்தோல் மாதிரியானவற்றை இறுக்கிச் செய்த சின்ன விறகுத் துண்டு. மேலே பெல்லட் கொட்டும் பெட்டி, அதை எரிகிண்ணத்துக்குத் தள்ளும் திருகு, கீழே ஒரு ஃபேன். சுவிட்சைத் தட்டினால் ராடு காய்ந்து தானே பற்றவைக்கும். புகைக்குழாய் ஓட்டுக்கு மேலே போகிறது.

எரியும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தகைக்கு ஆவி ஒரே சீராக வருகிறது, பாத்திரத்தின் அடியில் கரி அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒரு கிலோ கேஸ் தரும் சூட்டுக்கு மூன்று கிலோ பெல்லட் சுமாராக வேண்டும். நான் கிலோ 13 ரூபாய்க்கு வாங்குகிறேன், ஆக 39 ரூபாய். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ, உங்கள் ஊர் விலையை வகுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கேஸ் செலவில் பாதிதான் ஆகும் என்று விற்றவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் வழக்கெல்லாம் பற்றவைப்பதில்தான். ஐப்பசி பிறந்ததும் ஆரம்பித்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டால் நாலு நிமிஷத்தில் தீ வந்துவிடும். சாயங்காலம் ஆறரைக்குப் போட்டால் பன்னிரண்டு நிமிஷம் முக்கி, கொஞ்சம் புகையை விட்டு, திரையில் எரர் காட்டிவிட்டு நின்றுவிடும். கம்பெனிக்குப் போன் செய்தேன். "ராடு போயிருக்கும் சார், மாத்திருங்க." 1,450 ரூபாய், கூரியர் தனி. மாற்றினேன். அன்று சாயங்காலமும் அதே எரர். மறுபடி போன். "அப்ப பெல்லட் சரியில்ல சார்."

நான் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா உள்ளே போய், சாமி மாடத்திலிருந்து ஒரு சூடக்கட்டியை எடுத்து எரிகிண்ணத்தில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் அடுப்பு ஜம்மென்று எரிந்தது. "ஏஞ்சாமி, இதுக்குப் போயி எதுக்கு அவனோட மல்லுக்கு நிக்கறே?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூடத்துக்குப் பற்றுகிறது என்றால் பெல்லட்டில் பெரிய குறையில்லை, காற்றும் வருகிறது. சூடு மட்டும்தான் போதவில்லை.

காயில் கட்டுகிறவன் தன் வீட்டு அடுப்புக்கு மீட்டர் வைக்க இரண்டு வாரம் ஆயிற்று. வெளியே சொல்ல வெட்கம்தான். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கழற்றி, பழைய ராடை அளந்தேன். 176 ஓம். 230 வோல்ட்டில் 300 வாட் ராடு அப்படித்தான் காட்ட வேண்டும். அறுந்திருந்தால் மீட்டர் அசைந்தே இருக்காது. புது ராடு 174. அதாவது நல்ல ராடைக் கழற்றிவிட்டு நல்ல ராடை மாட்டியிருக்கிறேன்.

அப்புறம் சாயங்காலம் ஆறரைக்குப் பிளக்கில் வோல்டேஜ் பார்த்தேன்: 165. எங்களுடையது லைனில் கடைசி வீடு. தறி, தண்ணி மோட்டார் எல்லாம் சேர்ந்து ஓடும் நேரம் அது. வோல்டேஜ் முக்கால்வாசிக்குக் கீழே போனால் சூடும் முக்கால்வாசி இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, வர்க்கக் கணக்கில் இறங்கும். 165க்கு அந்த ராடு தருவது ஏறக்குறைய 154 வாட், பாதிதான். பாதிச் சூட்டில் பெல்லட் கருகும், பற்றாது. கடையில் சும்மா கிடந்த ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து போட்டேன். ஐந்தாவது நிமிஷம் தீ.

கார்த்திகை மழையில் மறுபடி மக்கர். இந்தத் தடவை வோல்டேஜ் சரியாக இருந்தது. எரிகிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தால், ராடின் சூட்டுக்காற்று உள்ளே வரும் ஓட்டையைக் கண்ணாடி மாதிரி இறுகிய சாம்பல்கட்டி அடைத்திருந்தது. விலை குறைவென்று கடலைத்தோல் பெல்லட்டுக்கு மாறியிருந்தேன். மரத்தூள் பெல்லட்டைவிட அதில் சாம்பல் அதிகம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். இப்போது தினமும் காலையில், அடுப்பு ஆறிக் கிடக்கும்போது அது அம்மாவின் வேலை. வாசல் கூட்டுவதோடு இதுவும் ஒன்று.

மூட்டையை ஆசாரத்தில் வெறும் தரையில் வைத்ததும் தப்பு. நல்ல பெல்லட்டை விரலால் ஒடித்தால் படக்கென்று சத்தம் வரும், தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்காரும். ஈரம் குடித்தது பிஸ்கட் மாதிரி உதிரும். அந்தத் தூள் திருகில் போய் அடைத்து, கிண்ணத்துக்குத் தீனி குறைந்துவிடும். இப்போது மூடி போட்ட நீல டிரம்மில் கொட்டி வைக்கிறேன்.

சிலருக்குத் தீ பிடித்த பிறகும் அடுப்பு நின்றுவிடும். அது ராடு வேலையில்லை. தீயைப் பார்க்கும் சென்சாரில் கரி படிந்திருக்கும், துணியால் துடைத்தால் போதும். கதவு ஓரத்தில் காற்று கசியாமல் அடைக்கும் கயிறையும் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று கசிகிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கையேட்டில் இது இல்லை. பற்றாமல் நின்ற அடுப்பை உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள். பழைய பெல்லட் கிண்ணத்தில் குவிந்து கிடக்கும். புதிதாக விழுவதும் சேர்ந்து புகைந்து, கடைசியில் குப்பென்று ஒரே மூச்சில் பிடிக்கும். ஒரு தடவை எங்கள் வீட்டில் கதவே திறந்துகொண்டது. ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி. மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலையே வேண்டாம்.

அடுப்புக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சர்வீசுக்கு ஒன்று, போனில் ஒரு தடவையாவது "வோல்டேஜ் எவ்வளவுங்க?" என்று கேட்டிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். வாங்கப் போகிறவர்கள் ஸ்டெபிலைசரையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். பழைய ராடைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கம்பெனியில் கேட்டேன், கரண்ட் சாமானைத் திருப்ப முடியாதாம். மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். 176 ஓம், கேரண்டி.