வெள்ளை விண்மீன் படிக்க எது சரி: சிரியஸா, வேகாவா?

வெள்ளை நிற விண்மீன் ஒன்றையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளணும் என்றால் பல புத்தகங்கள் வேகாவைத்தான் முதலில் காட்டும். ரொம்ப காலம் மற்ற விண்மீன்களின் பிரகாசத்தையே அதை வைத்துத்தான் அளந்தார்கள். ஆனாலும் என் ஓட்டு சிரியஸுக்கு.

இரண்டும் ஏ வகை (நிறமாலையை வைத்துப் பிரிக்கும் வகைகளில் சூடான வெள்ளை விண்மீன்களுடையது), இரண்டும் முதன்மைத் தொடரில் இருப்பவை, அதாவது மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறிக்கொண்டிருக்கும் பருவம். நிறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சூரியனைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஒளி மட்டும் அந்தக் கணக்கில் வராது: சிரியஸ் சூரியனைப் போல 25 மடங்கு, வேகா ஏறக்குறைய 40 மடங்கு. எரிபொருள் இருப்பு இரட்டிப்பு, செலவு இத்தனை மடங்கு என்பதால் சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு தாங்கினால் இவை தாங்குவது சுமார் நூறு கோடிதான்.

சரி, சிரியஸ் ஏன்? அதற்கு ஒரு துணை இருக்கிறது. சிரியஸ் நேர்கோட்டில் போகாமல் லேசாக நெளிந்து போவதை வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்று 1844இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் சொன்னார். 1862இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அதைத் தொலைநோக்கியில் பார்த்தே விட்டார். பூமி அளவே உள்ள வெள்ளைக் குள்ளன் அது, அதாவது எரிபொருள் தீர்ந்துபோன ஒரு விண்மீனின் சுருங்கிய மிச்சம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 50 ஆண்டு ஆகிறது. அந்தச் சுற்றுப்பாதையிலிருந்து சிரியஸின் நிறையை நேரடியாகக் கணக்கிடலாம்: 2.06 சூரியன். தனியாக நிற்கும் வேகாவுக்கு இந்த வழி கிடையாது, விண்மீன் எப்படி இயங்கும் என்ற கணக்கு மாதிரிகளை நம்பித்தான் நிறை சொல்லணும்.

வேகாவில் இன்னொரு சிக்கல், ஒரு நாளுக்குள்ளேயே தன்னைத்தானே முழுசாகச் சுற்றிவிடுகிறது (சூரியனுக்கு 25 நாள்). அந்த வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கி முனைகள் தட்டையாகிவிட்டன. முனையில் சுமார் 10,000 கெல்வின், பிதுங்கிய நடுப்பகுதியின் மேற்பரப்பில் அதைவிட ஆயிரத்துக்கும் மேல் குறைவு. சுழலும் பம்பரத்தை ஆணிக்கு நேர் எதிரே மேலிருந்து பார்ப்பதுபோல நாம் அதன் முனையைப் பார்க்கிறோம், அதனால் உண்மையைவிடச் சூடாகவும் பிரகாசமாகவும் தெரிகிறது. 2006இல் வெளியான மவுண்ட் வில்சன் தொலைநோக்கி வரிசையின் அளவீடுகள் இதை நன்றாகவே காட்டிவிட்டன. ஒரே வெப்பநிலை சொல்ல முடியாத ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொடுத்தால் புதிதாகப் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

சிரியஸிலும் குறை உண்டு. மெதுவாகச் சுழல்வதால் மேற்பரப்பில் இரும்பு போன்ற தனிமங்கள் வழக்கத்துக்கு மீறிச் சேர்ந்திருக்கின்றன. வேகாவிலோ சூரியனில் இருப்பதைவிடக் குறைவு. அப்புறம், 1983இல் அகச்சிவப்புக் கதிர்களில் வானத்தை ஆராய்ந்த ஐராஸ் செயற்கைக்கோள் கண்ட தூசு வட்டு வேகாவைச் சுற்றித்தான் இருக்கிறது, கோள்கள் உருவாவதில் ஆர்வம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம்.

பெங்களூரிலிருந்து பார்ப்பதிலும் சிரியஸுக்கே வசதி. பிப்ரவரி மாலை, அல்சூர் மொட்டைமாடியில் தெரு விளக்கு கண்ணில் அடித்தாலும் தெற்கே நல்ல உயரத்தில் அது தப்பாது. வேகா, நம் அபிஜித், உச்சிக்கு வருகிற ஜூலை, ஆகஸ்டு மாலைகளில் மேகம்தான் மிஞ்சும். அக்டோபரில் மழை விட்ட ஒரு மாலை, எட்டு மணிவாக்கில் வடமேற்கே தேடுங்கள். ஒன்று எழும்போது மற்றது மறைவதால் இரண்டையும் ஒரே வானத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.