கர்ப்பகாலத்தில் டேன்: வெயில், டேனிங் பெட், ஸ்ப்ரே, லோஷன் - எது தகும்?

கர்ப்பமாக இருக்கும்போது டேன் செய்துகொள்ளலாமா, அதாவது தோலைப் பழுப்பு நிறமாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டால், ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள்தான் அதிகம். கேட்டவருக்கு அது உதவாது. டேன் என்ற ஒரே பெயருக்குள் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. வெயிலில் கிடப்பது, புற ஊதா விளக்குகள் பொருத்திய கட்டிலில் (டேனிங் பெட்) படுப்பது, லோஷன் பூசுவது, ஸ்ப்ரே அடித்துக்கொள்வது, மாத்திரை, ஊசி. இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஒன்றுக்குச் சொல்லும் எச்சரிக்கையை எல்லாவற்றுக்கும் சொன்னால், ஆபத்தில்லாததைக் கண்டு பயந்துவிட்டு ஆபத்தானதில் போய் மாட்டிக்கொள்வோம்.

ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எப்படி உடம்புக்குள் போகிறது? தோலின் மேல்பரப்போடு நின்றுவிடுகிறதா, மூச்சோடு போகிறதா, ரத்தத்தில் கலக்கிறதா, உடம்பைச் சூடாக்குகிறதா?

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். புற ஊதாக் கதிர் வயிற்றைத் துளைத்துப் பிள்ளையைத் தொட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எக்ஸ்ரேயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் வருவது இது. புற ஊதாக் கதிரில் நம்மைத் தொடுபவை இரண்டு வகை. யுவி-பி கதிர் பெரும்பாலும் மேல்தோலிலேயே தீர்ந்துவிடும். யுவி-ஏ கொஞ்சம் ஆழமாக, நுண்ணிய ரத்த நாளங்கள் ஓடும் உள்தோல் வரைக்கும் போகும். அதற்கு அப்பால் கொழுப்பு, தசை, கருப்பைச் சுவர் என்று எத்தனையோ அடுக்குகள் இருக்கின்றன. எனவே கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்னால் ஒரு நாள் வெயிலில் கிடந்துவிட்டோமே என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு.

வெயிலும் டேனிங் பெட்டும்

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் செல்லின் டி.என்.ஏ. சேதமடைகிறது. அந்தச் சேதத்தை உணர்ந்த செல், மெலனினைக் கூட்டச் சொல்லி நிறமிச் செல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த மெலனின்தான் நாம் பார்க்கும் நிறம். அதாவது, நிறம் மாறியிருக்கிறது என்றால் சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது. ‘முதலில் லேசாக டேன் ஆகிவிட்டால் பிறகு வெயில் சுடாது’ என்ற கணக்கும் எடுபடாது. அந்த நிறம் தரும் பாதுகாப்பு எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீனின் காப்பு அளவைச் சொல்லும் எண்) 3 அல்லது 4 அளவுக்குத்தான் இருக்கும்.

கர்ப்பிணிக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமின். இந்தச் சத்து புற ஊதாக் கதிரில் சிதையக்கூடியது. 1978-ல் பிராண்டா, ஈட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், மனித ரத்தத்தின் பிளாஸ்மாவை வலுவான வெயிலுக்கு இணையான செயற்கை ஒளியில் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஃபோலேட்டில் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்துபோனது. குடுவையில் நடப்பதெல்லாம் உடம்பிலும் அதே அளவுக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. வெயில் காய்ந்ததால் பிள்ளைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு வந்தது என்று நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனால் பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது, அது சரியாக மூட ஃபோலேட் வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) கருத்தரிப்பதற்கு முன்பே எடுக்கத் தொடங்கச் சொல்வது அதனால்தான். மாத்திரையாக விழுங்கிய சத்தை நிறத்துக்காக வெளிச்சத்தில் கரைப்பானேன் என்பது என் கேள்வி. பிள்ளைக்குத் திட்டமிடும் மாதங்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது சூடு. முதல் மூன்று மாதங்களில் தாயின் உள் வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போவது, அதே நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. வெந்நீர்த் தொட்டி, சானா என்ற சூட்டறைக் குளியல் பற்றிக் கர்ப்பிணிகளை எச்சரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வெயிலும் டேனிங் பெட்டும் இங்கே பிரிகின்றன. வெயிலில் இருப்பவர் தலை கிறுகிறுத்தால் எழுந்து நிழலுக்குப் போவார், தண்ணீர் குடிப்பார். டேனிங் பெட்டில் மேலேயும் கீழேயும் விளக்குக் குழாய்கள், மூடி இறக்கியிருக்கும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, டைமர் ஓடிக்கொண்டிருக்கும். ‘இன்னும் இரண்டு நிமிடம்தானே’ என்று பொறுத்துக்கொள்ளத்தான் தோன்றும். அதுவும் மல்லாந்து படுத்தபடி. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கனத்த கருப்பை, மல்லாந்து படுக்கும்போது உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அழுத்தும். ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம், பிள்ளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறையலாம். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, எல்லோரும் கதிரைப் பற்றியே பேசுகிறார்கள்.

கதிரைப் பொறுத்தவரையும் டேனிங் பெட்டுக்கு நல்ல பெயர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில், புகையிலை இருக்கும் அதே பிரிவில், சேர்த்தது. அதே ஆண்டில் பிரேசில் தடை செய்தது. பின்னர் ஆஸ்திரேலியா வணிக ரீதியான டேனிங் பெட்களை ஒழித்தது. வைட்டமின் டி கிடைக்குமே என்று சிலர் வாதாடுவார்கள். தோலில் வைட்டமின் டி உருவாக யுவி-பி வேண்டும். இந்தக் கட்டில்களில் பெரும்பகுதி யுவி-ஏ. மருத்துவர் எழுதித் தரும் ஒரு மாத்திரை அந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடும்.

ஆக, இந்த இரண்டில் டேனிங் பெட்டைக் கர்ப்பகாலத்தில் முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலை அப்படித் தள்ள முடியாது, தள்ளவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ நடந்துவருவது வேறு, நிறத்துக்காக உச்சி வெயிலில் மணிக்கணக்காகக் கிடப்பது வேறு.

வெயிலில் கிடந்தாலும் கேட்ட நிறம் கிடைக்குமா என்றால், அதுவும் கர்ப்பகாலத்தில் உறுதியில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் உயர்ந்திருக்கும்போது நிறமிச் செல்கள் சின்னத் தூண்டுதலுக்கே எகிறிக் குதிக்கும். கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலேயும் திட்டுத் திட்டாக மங்கு விழும். வெயில் அதைக் கிளப்பிவிடும், அடர்த்தியாக்கும். மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் மங்கு வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல், எனவே ‘எனக்குத் தோல் சுடாது, கவலையில்லை’ என்பது இங்கே செல்லாது. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாக மங்கிவிடும், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கிவிடும். சீரான நிறத்துக்கு ஆசைப்பட்டு, முகத்தில் திட்டுகளை வாங்கிக்கொள்வது எந்த வகையில் லாபம்?

லோஷனும் ஸ்ப்ரேயும்

கதிரே இல்லாமல் நிறம் தருபவை இவை. இரண்டிலும் வேலை செய்வது டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்ற சர்க்கரை வகைப் பொருள், சுருக்கமாக டி.ஹெச்.ஏ. (கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரை டப்பாவில் அதே மூன்று எழுத்தில் இருப்பது ஒமேகா-3 கொழுப்பு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒரு பரம்பரைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். தோலில் சிந்திய இடமெல்லாம் பழுப்பாக மாறுவதைக் கவனித்தார். பூசும் டேன் அங்கிருந்து பிறந்ததுதான். தோலின் உச்சியில் இருக்கும் இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு இந்தச் சர்க்கரை சேர்ந்து பழுப்பேறுகிறது. ரொட்டியைச் சுடும்போது மேலோடு சிவப்பதற்கும் இதே வகை வேதிவினைதான் காரணம். அந்தச் செல்கள் உதிரும்போது நிறமும் போய்விடும், ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

பூசும்போது தோலைக் கடந்து ரத்தத்துக்குப் போகும் அளவு மிகமிகக் குறைவு. அதனால்தான் கர்ப்பகாலத்தில் லோஷன் பொதுவாகப் பாதுகாப்பானது என்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை சொல்கிறது. அதே சேவை ஸ்ப்ரேயைத் தவிர்க்கச் சொல்கிறது. பொருள் ஒன்றுதான், போகும் பாதைதான் வேறு. ஸ்ப்ரே அடிக்கும்போது சின்னக் கூடத்துக்குள் மூடுபனிபோல் துளிகள் மிதக்கும். அதை மூக்கும் வாயும் இழுத்துக்கொள்ளும். நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குப் போதுமான ஆய்வு இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தப் பொருளுக்கு அனுமதி தந்திருப்பது தோலின் வெளிப்பூச்சுக்கு மட்டும். கண், உதடு, மூக்கின் உட்புறம் போன்ற மென்சவ்வுகளில் படுவதற்கோ மூச்சில் இழுப்பதற்கோ அனுமதி இல்லை. இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: கர்ப்பிணி ஒரு நிமிடத்தில் இழுக்கும் காற்றின் அளவு வழக்கத்தைவிட 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதல். அதே கூடத்தில் நிற்கும் மற்றவரைவிட அவர் உள்ளே இழுக்கும் துளியும் கூடுதலாகத்தான் இருக்கும்.

எனவே இந்த இரண்டில் என் ஓட்டு லோஷனுக்கு. ‘கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும்’ என்று ஸ்ப்ரே கூடத்தில் சொன்னால் கேட்காதீர்கள். அடிக்கும் நேரம் முழுக்க மூச்சைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. அங்கேயே லோஷனைக் கையுறை போட்டுத் தேய்த்துவிடச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

லோஷனிலும் கர்ப்பிணி கவனிக்க வேண்டியவை உண்டு. முதல் மூன்று மாதம் உறுப்புகள் உருவாகும் காலம், அது கழியட்டும் என்று விட்டுவிடுவது என் யோசனை. அவசியமில்லாத எதையும் அப்போது சேர்க்காமல் இருப்பது நல்லது. எப்படியும் மசக்கைக் காலத்தில் அந்த வாடையைத் தாங்க முடியாது. பூசிய சில மணி நேரத்தில் எழும் லேசான கருகல் வாடை, சும்மாவே குமட்டும் வயிற்றைப் புரட்டிவிடும். முன்பு ஒத்துக்கொண்ட லோஷன்கூடக் கர்ப்பத்தில் அரிப்பைக் கிளப்பலாம். முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு அளவு தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். லேபிளில் ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) இருந்தால் வாங்காதீர்கள், சுருக்கம் போக்கும் என்று சேர்த்து விற்கும் வகைகளில் அது இருக்கக்கூடும்.

வயிற்றில் பூசினால் நிறம் நினைத்தபடி வராது. தொப்புளுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோடு இன்னும் தூக்கலாகத் தெரியும். இழுபட்டுப் புதிதாக விழுந்த கோடுகள் சுற்றியுள்ள தோலின் நிறத்தை வாங்காது. முழங்கை, முழங்கால், கணுக்கால் போன்ற தடித்த இடங்கள் அதிகமாக உறிஞ்சிக் கறுத்துவிடும், அங்கே கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவிவிட்டு அப்புறம் லோஷனைத் தொட வேண்டும். பால் கொடுக்கும் காலம் வந்தால் மார்புக் காம்பையும் சுற்றுப் பகுதியையும் விட்டுவிட வேண்டும். படிப்படியாக நிறம் ஏற்றும் லோஷன்களில் டி.ஹெச்.ஏ. அளவு குறைவு. தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அதுதான் நல்லது, பிடிக்காவிட்டால் நான்கு நாளில் போய்விடும். இந்த நிறம் வெயிலிலிருந்து காக்காது. பூசிவிட்டு வெளியே போகிறவர்களுக்கு வழக்கமான சன்ஸ்கிரீன் அதற்கு மேலே தேவை.

பழுப்பு நிறம் தரும் ஒப்பனைப் பொருளான பிரான்ஸர் பவுடர், கழுவினால் போகும் நிறக் க்ரீம் ஆகியவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவை தோலோடு வினைபுரிவதில்லை. ஒரு நாள் விசேஷத்துக்கு நிறம் வேண்டும் என்பவருக்கு லோஷனைவிடவும் இதுவே மேல். பவுடரைக் காற்றில் பறக்கவிடாமல் க்ரீம் வடிவில் எடுத்துக்கொண்டால் சரி.

மாத்திரையும் ஊசியும்

இங்கே ஒப்பிட எதுவுமே இல்லை, இரண்டும் வேண்டாம். டேனிங் மாத்திரையில் இருக்கும் காந்தாசாந்தின், உணவில் சிறு அளவில் சேர்க்கும் ஒரு சாயம். நிறத்துக்காக அதைப் பெரிய அளவில் விழுங்கியவர்களின் விழித்திரையில் படிகங்கள் சேர்ந்திருக்கின்றன. மெலனோடான் என்ற பெயரில் இணையத்தில் விற்கும் ஊசியும் மூக்கு ஸ்ப்ரேயும் உரிமம் பெறாதவை, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. குமட்டல், மச்சங்கள் கறுப்பது, புது மச்சங்கள் முளைப்பது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. இவை நேராக ரத்தத்துக்குப் போகின்றன. கர்ப்பம் என்று தெரியாமல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

மங்கு விழுந்தவர்களுக்கு

நிறம் தேடுபவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் தேடுவது முகத்துத் திட்டுகளை மறைக்க ஒரு வழி. சுற்றிலும் டேன் ஏறினால் திட்டு தெரியாது என்று நினைக்கிறார்கள். வெயிலில் சுற்றுப்புறம் ஒரு மடங்கு கறுத்தால் திட்டு இரண்டு மடங்கு கறுக்கும். இவர்களுக்குப் பொருத்தமானது, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். அதில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். மங்கைத் தூண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை இரும்பு ஆக்சைடு தடுக்கும். பூசியதுமே திட்டும் மறையும். மங்குக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ரோகுவினோன் க்ரீம் தோல் வழியாகக் கணிசமாக ரத்தத்தில் சேர்வதால், கர்ப்பகாலத்தில் அதைத் தொட வேண்டாம்.

மச்சங்களை மட்டும் எந்த நிறப்பூச்சாலும் மறைத்துவிடாதீர்கள். கர்ப்பத்தில் எல்லாம் கறுக்கத்தானே செய்யும் என்று ஒதுக்கிவிடும் பழக்கத்தால் தோல் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறி தவறிப்போக வாய்ப்புண்டு. வயிறும் மார்பும் விரிவதால் அங்குள்ள மச்சம் சற்றுப் பெரிதாவது இயல்புதான். ஆனால் ஓரம் ஒழுங்கற்றுப் போனாலோ, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ பிரசவம் வரை காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். லோஷன் பூசியிருந்தால், பரிசோதனைக்குப் போகும்போது அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.