நரம்பைத் தாக்கும் மெலியாய்டோசிஸ்: எந்தச் சோதனை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

காய்ச்சலோடு முகம் ஒருபக்கம் கோணுகிறது, விழுங்க முடியவில்லை, கால்கள் தளர்கின்றன. முதுகுத்தண்டு நீரில் ஒற்றைக்கரு வெள்ளை அணுக்களும் புரதமும் கூடியிருக்கின்றன. பலருக்கும் காசநோய் மூளைக்காய்ச்சல்தான் முதலில் நினைவுக்கு வரும். நோயாளிக்குச் சர்க்கரை நோய் இருந்து, மழைக்காலச் சேற்றிலும் நீரிலும் புழங்கியவர் என்றால், மண்ணிலும் நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலி என்ற பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸையும் சேர்த்தே தேட வேண்டும்.

உறுதியான விடை கல்ச்சரில்தான், அதாவது மாதிரியிலிருந்து கிருமியை ஆய்வகத்தில் வளர்ப்பதில்தான் கிடைக்கும். 1912-ல் ரங்கூனிலிருந்து மருத்துவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும் இந்நோயை அறிவித்ததும் கிருமியை வளர்த்துக் காட்டித்தான். ஆனால் கல்ச்சர் கிட்டத்தட்ட 60 சதவீத நோயாளிகளில்தான் கிருமியைப் பிடிக்கிறது. முதுகுத்தண்டு நீரை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் ஏமாற்றமே. ரத்தம், சிறுநீர், சளி, சீழ், தொண்டைத் துடைப்பு, மலக்குடல் துடைப்பு எல்லாம் போக வேண்டும். முதல்முறை ஒன்றும் வளராவிட்டால் மறுபடியும் அனுப்ப வேண்டும். ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த ஆஷ்டவுன் வளர்ப்பு ஊடகம் மற்றக் கிருமிகளை அடக்கிவிடும். கல்ச்சர் தட்டை ஏழு நாள் வரை பார்க்கலாம். வளர்ந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு: 'ஏதோ சூடோமோனாஸ், மாசு' என்று தள்ளிவிடுகிறார்கள், தானியங்கிக் கருவி செபேசியா என்ற உறவுக்காரக் கிருமியின் பெயரைச் சூட்டுகிறது. ஆக்ஸிடேஸ் நொதிச் சோதனையில் பாசிட்டிவான கிராம் நெகட்டிவ் கோல் வடிவ பாக்டீரியா, ஜென்டமைசின், கொலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காமல் கோ-அமாக்ஸிகிளாவுக்கு அடங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டும். வளர்ந்த கிருமியை அடையாளம் காணும் லேடெக்ஸ் சோதனை சில நிமிடங்களில் வழிகாட்டும். ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே வேலை செய்பவர்களின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது.

கிருமியின் டிடிஎஸ்1 மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் முடியும். சீழில் நன்றாகப் பிடிக்கும். ரத்தத்தில் கிருமி குறைவு என்பதால் தவறவிடும். நெகட்டிவ் என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

எதிர்ப்பொருள் சோதனையான ஐ.எச்.ஏ.வை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நோய் பரவலான பகுதிகளில் நலமாக இருப்பவர்களுக்கே அது பாசிட்டிவ் காட்டும்.

எம்.ஆர்.ஐ. கிருமியின் பெயரைச் சொல்லாது, ஆனால் திசையைக் காட்டும். மூளைத்தண்டில் தொடங்கி நரம்புப் பாதைகளின் வழியே நீளும் மாற்றமும், நுண்சீழ்க்கட்டிகளும் மெலியாய்டோசிஸுக்குச் சாதகம். மூளையின் அடிப்பகுதி உறைகளில் தடித்த கசிவு காசநோய்க்குச் சாதகம். ஆரம்பத்தில் சி.டி. ஸ்கேன் இயல்பாகவே இருக்கக்கூடும்.

மாதிரிகளை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்க வேண்டும், முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரும் செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாடிக் இதற்குப் போதாது. சிறுநீரகம் சீராக உள்ள பெரியவருக்கு மெரோபெனெம் 2 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே கோ-டிரைமாக்ஸசோல். ஊசி மருந்து குறைந்தது எட்டு வாரம், அதன்பின் வாய்வழி மருந்து ஆறு மாதம்.