மொலினியர் விரிகுடா: நீரடிச் சிற்பங்களுக்கு ஒரு படகுப் பயணம்

கரீபியத் தீவு நாடான கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே படகில் சிறிது தொலைவு போனால் மொலினியர் விரிகுடா வந்துவிடும். அங்குள்ள நீரடிச் சிற்பப் பூங்காவைக் காட்டும் அரைநாள் சுற்றுலா ஒன்றில் நானும் என் மனைவியும் அண்மையில் போய்வந்தோம். பார்த்தவற்றில் எங்களுக்கு முழு நிறைவு உண்டு. அழைத்துச் சென்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

2004 செப்டம்பரில் வீசிய ஐவன் புயல் இத்தீவைச் சூறையாடியது. அடுத்த ஆண்டே எமிலியும் வந்தது. அடிபட்ட பவளப்பாறைகளின் மேல் பயணிகளும் மொய்த்தால் அவை தேறாது என்பதால், மணற்பாங்கான கடற்படுகையில் சிற்பங்களை இறக்கிக் கூட்டத்தை அந்தப் பக்கம் திருப்பும் எண்ணத்துடன் 2006இல் இப்பூங்கா திறக்கப்பட்டது. கயானாத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்த ஜேசன் டிகேயர்ஸ் டெய்லர், கடல்நீரைக் கெடுக்காத தனிவகைச் சிமெண்டில் உருவங்களை வார்த்துக் கொடுத்தார். மீதி வேலையைக் கடல் செய்துவருகிறது.

கைகோத்து வட்டமாக வெளிநோக்கி நிற்கும் 26 சிறுவர் உருவங்களைக் கொண்ட ‘விசிசிட்யூட்ஸ்’ (வாழ்வின் ஏற்ற இறக்கங்கள்) தான் எல்லோரும் தேடி வரும் சிற்பம். ஒரு குழந்தையின் கன்னம் முழுவதும் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு படர்ந்திருந்தது. பக்கத்துக் குழந்தையின் முழங்கை மடிப்பில் விரல்நீள மீன் ஒன்று நுழைவதும் வெளிவருவதுமாக இருந்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட ஆப்பிரிக்கர்களின் நினைவாகச் சிற்பி இதைச் செய்தார் என்று எங்கள் வழிகாட்டி அடித்துச் சொன்னார். டெய்லரின் முதல் நோக்கம் அதுவன்று. பார்த்தவர்கள் அவ்வாறு பொருள்கொண்டார்கள், அவரும் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். ஒரு மக்கள்கூட்டம் தன் துயரத்தைத் தானாகவே ஒரு சிற்பத்தில் கண்டுகொண்டது என்ற உண்மை, வழிகாட்டி சொன்ன கதையைவிடப் பெரியது என்பதால்தான் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

நார்வே நாட்டுச் சிற்பி லேனே கில்டே, கிரெனடாவின் சிறுவர் கதை ஒன்றிலிருந்து ‘சாதிக்காய் இளவரசி’யை வடித்திருக்கிறார். உள்ளூர்க் கலைஞர் டிராய் லூயிஸின் படைப்புகளும் இங்கே உண்டு. ஆயினும் என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்தியவை, 2023இல் டெய்லர் சேர்த்த திருவிழா உருவங்களே. கிரெனடாவின் ஸ்பைஸ்மாஸ் திருவிழாவில் உடம்பெங்கும் கரிய எண்ணெய் பூசி, கொம்பு வைத்த தலைக்கவசமும் சங்கிலியுமாக ஆடி, அடிமைக்கால எசமானர்களை எள்ளி நகையாடும் ‘ஜாப் ஜாப்’ வேடத்தைக் கரையில் பார்ப்பது ஒன்று. சத்தமே இல்லாத நீலத்தில், அசையாத நிலையில் பார்ப்பது வேறொன்று. பாசி இன்னும் அடர்ந்து பிடிக்காததால் உடையின் மடிப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. பழைய சிற்பங்களுக்கு வாய்த்த அழகு இவற்றுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆனால் இம்மண்ணின் பண்பாட்டை இவை நேராகவே பேசுகின்றன.

இனிக் குறைகள். நீரில் ஒரு மணி நேரம் என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் 35 நிமிடத்தில் விசில் ஊதிவிட்டார்கள். என் மனைவிக்குக் கொடுத்த முகக் கண்ணாடியில் நீர் கசிந்தது, மாற்றித் தரவில்லை. இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். சிற்பத்தின் தோளில் நீச்சல் துடுப்பு மாட்டிய காலை ஊன்றி ஒருவர் படமெடுத்தபோது வழிகாட்டி வாய்மூடி இருந்ததைப் பொறுக்க இயலவில்லை, ஏனெனில் பவளம் வளர்வதற்கென்றே இறக்கிய உருவங்கள் அவை.

நீந்தத் தெரிந்தவர்கள், மூச்சுக்குழாய் வைத்து நீரின் மேல் மிதந்தபடி பார்க்கும் ஸ்நோர்க்கல் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். கண்ணாடித் தளப் படகிலிருந்து முகங்கள் சரியாகப் புலப்படுவதில்லை. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. சொகுசுக் கப்பல் வரும் நாளைத் தவிர்த்து, காலை முதல் படகைப் பிடியுங்கள். புறப்படுமுன், ‘தொலைந்துபோன நிருபர்’ சிற்பத்தருகே எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருக்கும் அவருடைய மேசையில், கிரெனடாவில் நடந்த 1979 புரட்சிக்கு முந்திய ஆண்டுகளின் செய்தித்தாள் நறுக்குகள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஏதேனும் எழுத்து மிஞ்சியிருக்கிறதா என்று நான் குனிந்து பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்த விசில் ஒலித்தது.